தோல் கொட்டகையில் ஒன்பது மணி ஆட்டம்

"திண்டுக்கல் போகிறேன், பிரியாணி, பூட்டு, மலைக்கோட்டை தவிர வேறு என்ன பார்க்கலாம்?" என்று கேட்டு இந்த வலைப்பூவுக்கு மாதம் ஒருவராவது எழுதிவிடுகிறீர்கள். போன வாரம் ஒரு தம்பி தன் பயணக் குறிப்பில், தோல் கொட்டகை என்கிற பழைய நாடக அரங்கை வெளியில் நின்று பார்த்ததாகவும், அது "சினிமா வந்ததால் அழிந்த கலைக்கூடம்" என்றும் எழுதி, கீழே அழுகிற முகம் ஒன்றையும் போட்டிருந்தார். படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சினிமா ஒன்றும் அழிக்கவில்லை. யார் அழித்தார்கள், எப்படி அழித்தார்கள் என்று கண்ணால் பார்த்தவள் நான். 1964 சித்திரையில், அந்தக் கொட்டகையின் பத்தாம் ஆண்டு விழாவுக்காகத் திருச்சியிலிருந்து கிளம்பிப் போனேன். அந்த இரண்டு நாள் பயணத்தைத்தான் எழுதுகிறேன். எனக்கு எண்பத்தைந்து தாண்டிவிட்டது, கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

முதலில் கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பேகம்பூர் பக்கம் கமால் ராவுத்தர் என்ற தோல் வியாபாரியின் கிடங்கு அது. உப்புப் போட்ட தோல்களைக் கொண்டுவந்து அடுக்கி, தரம் பார்த்து, பிரித்து அனுப்புவார்கள். அவர் வேறு இடத்தில் பெரிதாகக் கட்டிக்கொண்டு போனதும் பழைய கிடங்கு சும்மா கிடந்தது. ஊரில் நாடகப் பைத்தியம் பிடித்த பத்துப் பதினைந்து பேர் ஒன்றுசேர்ந்து போய் அவரிடம் கேட்டார்கள். பூட்டுப் பட்டறை ஆட்கள், புகையிலைக் கடைக்காரர்கள், ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர் என்று எல்லாம் கலந்த கூட்டம். "நாத்தத்தத் தாங்குவீகன்னா எடுத்துக்கங்கப்பா" என்று சொல்லி சாவியைக் கொடுத்துவிட்டார். அது 1954.

நாற்றம் என்றால் லேசுப்பட்ட நாற்றம் இல்லை. கூடை கூடையாகச் சாம்பிராணி போட்டோம். சாம்பிராணியும் தோலும் சேர்ந்து புதிதாக ஒரு நாற்றம் வந்ததுதான் மிச்சம். சுவரிலும் தரையிலும் உப்பு ஊறிக் கிடந்ததால், அடித்த சுண்ணாம்பு ஒரு மழைக்காலத்தைத் தாங்காது, பூத்து உரிந்து கொட்டிவிடும். ஐப்பசியில் தரை வியர்க்கும். சாக்கு விரித்துத்தான் உட்கார வேண்டும். ஆனால் கரையான் மட்டும் எட்டிப் பார்க்காது.

அந்தக் கிடங்கில் ஒரு விசேஷம் இருந்தது. தோலில் கத்திக் கீறல், உண்ணி கடித்த தடம் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது, பகல் வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும். அதனால் தரம் பார்க்கிற கல்மேடைக்கு நேர் மேலே கூரையில் வரிசையாகக் கண்ணாடி ஓடுகள் பதித்திருந்தார்கள். அந்தக் கல்மேடைதான் எங்களுக்கு நாடக மேடை. மின்சாரம் கிடையாது. ஆகவே ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. சூரியன் மேற்கே இறங்க இறங்க, மேடையில் விழுகிற வெளிச்சம் கிழக்கே நகரும். நாங்களும் அதோடு நகர்ந்துகொண்டே நடிப்போம். பெண் பார்க்கிற காட்சி மேற்குப் பக்கம், கல்யாணம் நடுவில், சாவு எப்போதும் கிழக்கு மூலையில். மேகம் மூடினால் எல்லோரும் குரலை உயர்த்திவிடுவோம். இருட்டுக்கும் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசித்ததில்லை.

மூன்று மணி ஆட்டம் என்பதால்தான் அங்கே பெண்கள் வந்தார்கள். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காய்கறியும் பூவும் கொண்டுவந்து விற்றுவிட்டு, கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாடகம் பார்த்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். புருஷனிடம் அனுமதி கேட்கவேண்டிய அளவுக்கு அது ஒரு விஷயமே இல்லை. கூட்டத்தில் பாதிக்கு மேல் சேலைகள்தான். அதே காரணத்தால் மேடையிலும் நாங்கள் நான்கு பெண்கள் இருந்தோம். நான் அப்போது தாடிக்கொம்பில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு டீச்சர் டவுனுக்குப் போய்விட்டு இருட்டுமுன் திரும்புவதை யார் என்ன சொல்ல முடியும்?

எங்களில் பெரிய நடிகை பவுனம்மாள். வடமதுரைக்கு மேற்கே மல்லிகைத் தோட்டம். விடியற்காலையில் பூவைச் சந்தையில் போட்டுவிட்டு, திறப்பு விழாவுக்கு மாலை கொடுக்க வந்தவள் அப்படியே உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த ஞாயிறும் வந்தாள், அதற்கடுத்ததும். சேலை கட்டி நடிக்கிற பையனுக்குக் காய்ச்சல் கண்ட அன்று எழுந்து, "வசனம் பூராம் எனக்குப் பாடம். நா வாரேன்" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஒருமுறை கேட்டால் போதும். கிணற்றடிக் காட்சி என்று ஒன்று உண்டு. பாகம் பிரிந்த வீட்டில் ஒரே கிணறு. யார் முதலில் இறைப்பது என்று மூத்த மருமகளான நானும் இளைய மருமகளான அவளும் சண்டை போடுவோம். நான் கால் மணி நேரம் கத்துவேன். அவள் ஒன்றும் பேசாமல் கயிற்றைச் சுருட்டிக் காலடியில் வைத்துவிட்டு வெறும் குடத்தோடு திரும்பி நடப்பாள். "ஏ மூத்தவளே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா" என்று முன்வரிசைப் பெண்கள் என்னை வைவார்கள். ஒருத்தி வெண்டைக்காயை எடுத்து எறிந்திருக்கிறாள்.

1960-ல் கல்யாணமாகி நான் திருச்சிக்குப் போய்விட்டேன். 64 பங்குனியில் எங்கள் நாடக மன்றத்தின் செயலாளர் செல்வராசு, அதாவது அந்த ஜவுளிக்கடைக் கணக்கர், சரக்கெடுக்க வந்தவர் என் வீட்டுக்கும் வந்தார். நாடகங்களை எழுதியவர் அவர்தான். நல்ல கை, நல்ல மனிதர். அதனால்தான் எனக்குக் கோபம் கூடுதல். "பத்தாம் ஆண்டு விழா டீச்சர். நீங்களும் பவுனம்மாளும் அந்தக் கிணத்தடி சீன மட்டும் பண்ணிக் குடுக்கணும். அஞ்சு மணிக்கு விழா" என்றார். கரண்ட் வந்துவிட்டது, பேன் போட்டாயிற்று, கொட்டகை இப்போது அடையாளமே தெரியாது என்றெல்லாம் பெருமையாகச் சொன்னார். ஐந்து மணி விழா என்றால் ஆறுக்குள் எங்கள் காட்சி முடிந்துவிடும் என்று நான் எடுத்துக்கொண்டேன். பவுனம்மாளுக்கும் அப்படியே கடிதம் போட்டேன்.

சனிக்கிழமை காலை திருச்சி ஜங்ஷனில் திண்டுக்கல் பாசஞ்சர், மூன்றாம் வகுப்பு. வண்டி மணப்பாறையில் முறுக்கு விற்று முடிகிறவரை நின்றது. அய்யலூர் தாண்டினால் இடது கைப் பக்கம் மலை கூடவே வரும். வெயிலுக்கு அந்தப் பக்க ஜன்னல் ஆகாது, வலது பக்கம் உட்காருங்கள், இன்றைக்கும் இது பொருந்தும். மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடித்து வடமதுரையில் இறங்கினேன். அங்கிருந்து பவுனம்மாள் தோட்டத்துக்கு இரண்டு மைல் நடை. வண்டிப்பாதை, நிழல் கிடையாது.

தோட்டத்துக்குள் நுழையும்போதே அவள் குரல் கேட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே என் வசனத்தை, மூத்தவள் வசனத்தை, மாட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வசனம் இல்லாத காட்சி என்பதால், என்னுடையதைச் சொல்லிப் பார்த்து எந்த இடத்தில் திரும்பவேண்டும் என்று கணக்குப் பண்ணிக்கொள்கிறாளாம்.

"ஒரு மாசமா இதேதேன் டீச்சர்" என்றார் அவள் புருஷன் முத்தையா. "மாடே திருப்பிச் சொல்லிரும். நானுந்தேன் நாளைக்கு வாரேன். ஊரு பூராம் பாத்துருக்காக, நாந்தேன் ஒருக்காக்கூடப் பாத்ததில்ல."

அதற்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் தண்ணீர் முறை. பங்காளிகளோடு பொதுக்கிணறு, அன்று மதியம் பாய்ச்சாவிட்டால் அடுத்த முறைக்கு மூன்று நாள் ஆகும். அதனால் மனைவி நடித்த ஆறேழு வருடமும் மனிதர் வாய்க்கால் மடையில் நின்றார். இந்த ஒரு முறைக்காகப் பங்காளி காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி முறையை மாற்றியிருந்தார். பவுனம்மாள் புது ரவிக்கை தைத்து வைத்திருந்தாள். என்னிடம் காட்டிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு மடித்து வைத்தாள்.

"மூணு வருசமா ஏன் நடிக்கப் போகலை?" என்று கேட்டேன்.

"ராத்திரி ஆட்டமாக்கிட்டாகள்ல டீச்சர். பூவுக்கு மூணு மணிக்கு எந்திரிக்கணும். மொட்டாப் பறிக்கணும், செத்த நேரம் போனா விரிஞ்சுரும். விரிஞ்ச பூவ எவன் வாங்குவான்?" என்றாள். "நாளைக்கு வெள்ளனயே வச்சுருக்காகன்னு சொன்னீகளே, அதேன் ஒத்துக்கிட்டேன்."

ஞாயிறு மதியம் மூவரும் வடமதுரையில் பஸ் ஏறினோம். திண்டுக்கல் சுமார் பன்னிரண்டு மைல், ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. கண்டக்டரிடம், சாயங்காலம் திரும்பக் கடைசி வண்டி எப்போது என்று முத்தையா கேட்டார். "ஏழு மணி அப்பு. அத விட்டா விடியத்தேன்" என்றார் அவர். பஸ் நிலையத்திலிருந்து குதிரை வண்டிக்கு எட்டணா. தோல் கொட்டகை என்றதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "ராத்திரி ஆட்டத்துக்கு இப்பவே போறீகளா?" என்று கேட்டார்.

கொட்டகை உண்மையிலேயே அடையாளம் தெரியவில்லை. உள்ளே குழல் விளக்குகள், நான்கு மின்விசிறிகள். அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடி ஓடுகள் அத்தனைக்கும் தார் பூசியிருந்தார்கள். பகலில் ஒத்திகை நடக்கும்போது விளக்கின் கலர் தெரியவில்லையாம், வெயில் கெடுக்கிறதாம். வாசல் தட்டியில் நிகழ்ச்சி நிரல் ஒட்டியிருந்தது. ஐந்து மணிக்கு விழா, சொற்பொழிவுகள். ஒன்பது மணிக்கு நாடகம். நாடகம் முடிந்தபின் சிறப்புக் காட்சி. அந்தச் சிறப்புக் காட்சிதான் நாங்கள்.

பவுனம்மாளுக்குப் படித்துச் சொன்னேன். அவள் ரவிக்கை வைத்திருந்த பையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

நேராகச் செல்வராசுவிடம் போனேன். எங்கள் காட்சி இருபது நிமிடம், இரண்டு சொற்பொழிவுக்கு நடுவில் இப்போதே போடுங்கள் என்றேன். மனிதர் நான் ஏதோ தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "மேக்கப் ஆளு மதுரையிலருந்து எட்டு மணிக்குத்தான் வர்றாரு. தலைமை தாங்குறவரு ராத்திரிதான் வர்றாரு. பகல்ல போட்டா அது வித்தை காட்டுற மாதிரி இருக்கும் டீச்சர். நாடகம்னா ராத்திரிதான். மதுரையில எந்தக் கம்பெனி பகல்ல போடுறான்?"

"ஆறு வருசம் நாம போட்டோமே?"

"அப்ப கரண்ட் இல்ல, கதி இல்ல" என்றார். இதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் நல்ல காலத்தை இந்த மனிதர் கதியில்லாத காலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். விளக்கு இல்லாததால் பகலில் போட்டோம் என்பது மட்டும் அவருக்குத் தெரிகிறது. பகலில் போட்டதால் யார் வந்தார்கள் என்பது தெரியவில்லை. தெரியாமல் செய்தவர் மீது கோபப்படலாமா என்று கேட்பீர்கள். படலாம். மூன்று வருடமாகக் கண்ணெதிரே காலியாகக் கிடக்கிற பாதிக் கொட்டகையைப் பார்த்தும் தெரியவில்லை என்றால், அது பார்க்க விரும்பாத கண்.

விழா தொடங்கியது. பெண்கள் என்று பார்த்தால் உறுப்பினர்களின் வீட்டார் ஏழெட்டுப் பேரும் நாங்கள் இருவரும்தான். கமால் ராவுத்தர் மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். செல்வராசு பேசினார். பத்து வருடச் சாதனைகளை அடுக்கினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எங்களுக்கு ஒரே ஒரு மனக்குறை. நமது ஊர்ப் பெண்கள் கலைத்துறைக்கு முன்வருவதில்லை. ரசிக்கவும் வருவதில்லை. மறுபடியும் ஆண்களே பெண் வேடம் கட்டவேண்டிய நிலை" என்றார். மனமாரத்தான் சொன்னார். கைதட்டினார்கள்.

எனக்குப் பக்கத்தில் பவுனம்மாள் எழுந்து நின்றாள்.

"மூணு மணிக்கு வைங்க சார்" என்றாள். மேடைக்குப் பழகிய குரல், பின்சுவர் வரை போயிற்று. "நா மட்டுமில்ல, எங்கூருப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வாரோம்."

கொல்லென்று சிரித்தார்கள். பூக்காரி குறுக்கே பேசியது அவர்களுக்கு வேடிக்கை. ராவுத்தர் மட்டும் திரும்பி, "எதுக்கப்பா சிரிக்கிறீக? அந்தத் தாயி சொல்றது நெசந்தான? பகல்ல பாக்குறதுக்குன்னே கட்டுன எடம் இது. தோலக்கூட நாங்க ராத்திரியில பாத்ததில்ல" என்றார்.

"காலம் மாறுது பாய்" என்றார் செல்வராசு மேடையிலிருந்து. சொல்லிவிட்டு அடுத்த பேச்சாளரை அழைத்தார். அவ்வளவுதான். பத்து வருடத்தின் கணக்கு அந்த ஒரு வாக்கியத்தில் தீர்ந்துபோயிற்று.

ஆறு மணி ஆனதும் முத்தையா மெதுவாகச் சொன்னார். "ஏ புள்ள, நீ டீச்சரோட இருந்து நடிச்சுட்டு வா. நா போயி கூலிக்கு ரெண்டு ஆளச் சொல்லிப் பூவப் பறிச்சுக்கிறேன்."

"ஞாயித்துக்கெழம ராத்திரி எந்த ஆளு கெடைக்கும்?" என்றாள் அவள். "அதோட, நீங்க பாக்காம நா எதுக்கு நடிக்கணும்? ஊருதேன் பாத்துருச்சே."

இருவரும் கிளம்பினார்கள். வாசல் வரை போனேன். அவள் என் கையைப் பிடித்து, "நீங்க விழாவக் கெடுத்துறாதீக டீச்சர்" என்றாள். அது இன்னும் மோசமாக இருந்தது. அவர்கள் போனபின் செல்வராசு வந்து, சேலை கட்டிக்கொண்டு தயாராக இருந்த ஒரு பையனைக் காட்டினார். "இவன் பவுனம்மாள் பாத்திரத்தப் பண்ணிருவான். வசனமே இல்லையே, நடந்தாப் போதும். ஒத்திகைகூட வேண்டாம்."

வசனமே இல்லையே! எழுதியவர் வாயிலிருந்து வந்தது. "நான் நடிக்க மாட்டேன். உங்கள் மேடைக்கு இனி வரவும் மாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாகவே சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். வடமதுரை வண்டி போய்விட்டிருந்தது. டவுனில் பழைய சக ஆசிரியை ஒருத்தி வீட்டில் தங்கினேன். அவள் மீன் குழம்பு வைத்திருந்தாள். கோபத்தில் இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் தோல் கொட்டகை மூன்று வருடம் ஓடியது. ராத்திரிக்கு வந்த ஆண்கள் கூட்டமும் குறைந்து, 67-ல் பூட்டினார்கள். சினிமாதான் காரணம் என்று அன்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் மூன்று மணி ஆட்டம் போட்ட காலத்திலும் திண்டுக்கல்லில் சினிமாக் கொட்டகைகள் இருந்தன ஐயா. அப்போதும் எங்களிடம் உட்கார இடம் கிடைக்காமல் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள். பாதி ஊரை நீங்களே வெளியே தள்ளிவிட்டு, மீதிப் பாதியும் சலித்துப் போனதும் பக்கத்துக்காரன்மேல் பழி போடுவது என்ன நியாயம்?

இப்போது போகிறவர்களுக்கு: திருச்சியிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கொட்டகையை வெளியிலிருந்துதான் பார்க்கமுடியும். பிளாஸ்டிக் சாமான் கிடங்காக இருக்கிறது, கூரைக்குத் தகரம் போட்டுவிட்டார்கள். பக்கத்துக் கடையில் விசாரித்தால் சொல்வார்கள். சுவரின் கீழ்ப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், உப்பு இன்னும் பூக்கிறது. சித்திரை, வைகாசியில் போகாதீர்கள், வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் மல்லிகை அப்போதுதான் கொட்டும், பூச் சந்தையைப் பார்க்கவேண்டுமானால் வேறு வழியில்லை, விடிவதற்குள் போய்விடுங்கள். பிரியாணியும் சாப்பிடுங்கள், உங்களை நான் விரதம் இருக்கச் சொல்லவில்லை.

பூச் சந்தை என்றதும் விட்டுப்போன ஒன்றை எழுதியாகவேண்டும். மறுநாள் காலை, ரயிலுக்குப் போகும் வழியில் பவுனம்மாளைப் பார்க்கலாம் என்று சந்தைக்குப் போனேன். முதல் பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்கி, வியாபாரத்தில் இருந்தாள். கண் சிவந்திருந்தது. தூங்கவில்லையோ, அழுதாளோ, நான் கேட்கவில்லை. என்னைப் பார்த்ததும் ஒரு முழம் பூவைக் கிள்ளிக் கொடுத்தாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்வராசு வந்தார். அவருக்கும் கண் சிவப்புதான், இரவு முழுக்க நாடகம். தலைமை தாங்கியவரை ரயிலேற்றி அனுப்ப மாலை வேண்டுமாம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பவுனம்மாளிடம் மட்டும், நல்லபடியாகவே, "என்ன பவுனம்மா, நேத்து இப்பிடி விட்டுட்டுப் போயிட்டியே. அம்புட்டு ஜனமும் ஒன்னையத்தான் கேட்டுச்சு. அடுத்த வருசமாச்சும் கட்டாயம் வந்துரணும்" என்றார்.

பூ எடுத்த கை அப்படியே நின்றது. அவரை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மணி என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று அவள் முகத்தில் அப்படியொரு ஆசை.

"எத்தன மணிக்கு சார்?" என்றாள்.

"அதே ஒம்பது மணிதான்" என்றார் அவர், மாலையை மோந்து பார்த்துக்கொண்டே.

பவுனம்மாள் தலையை ஆட்டிவிட்டு, அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணைப் பார்த்து, "ஒனக்கு எம்புட்டும்மா?" என்று கேட்டாள்.